சானி கணவாய் உச்சியில் ஒரு வெள்ளிச் செடி: இது எடல்வைஸா?

கேள்வி, 6 டிசம்பர்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நாலு பேர், தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் சானி கணவாய் போயிருந்தோம். உச்சியில் லெசோத்தோ எல்லைச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கறுப்புப் பாறைகள். பாறை இடுக்கில் மெத்தை போட்டதுபோல் ஒரு செடி. இலையெல்லாம் வெள்ளி நிறம், தொட்டால் வெல்வெட். மேலே வெள்ளைப் பூ, இதழ் காகிதம் மாதிரி சரசரக்கிறது. எங்களை ஏற்றிப்போன வண்டிக்காரர் "இதுதான் எடல்வைஸ்" என்றார். ஆல்ப்ஸ் மலைப் பூ இங்கே எப்படி வந்தது? இன்னொன்றும் கேட்க வேண்டும். காலையில் மூடுபனியில் பார்த்தபோது அதே இடத்தில் சிவப்பு மொட்டுகள்தான் இருந்தன. மதியம் திரும்பி வந்தால் எல்லாம் வெள்ளை. இரண்டு செடியா? படம் இரண்டு போட்டிருக்கிறேன்.

6 டிசம்பர், இரவு

எடல்வைஸ் இல்லை தம்பி. எடல்வைஸ் ஆல்ப்ஸ் மலைப் பூ, ஆப்பிரிக்காவில் அது இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் வண்டிக்காரர் சொன்னதில் பாதி சரி. இரண்டும் ஒரே குடும்பம், சூரியகாந்திக் குடும்பம். இரண்டும் உயர மலைச் செடி, இரண்டும் வெள்ளை.

எடல்வைஸில் நட்சத்திரம்போல் வெள்ளையாகத் தெரிவது பஞ்சு படர்ந்த இலைகள். அவற்றின் நடுவில் சின்னச் சின்னப் பொத்தான்களாகச் சில பூத்தலைகள் கூடி உட்கார்ந்திருக்கும். தொட்டால் கம்பளி. உங்கள் படத்தில் காம்பு நுனியில் ஒரே ஒரு தலை. அதைச் சுற்றிக் காகிதம்போன்ற செதில்கள் அடுக்கடுக்காக. நீங்களே 'சரசரக்கிறது' என்று எழுதிவிட்டீர்கள், அந்த ஒரு சொல் போதும். இது ஹெலிக்ரைசம் இனம். இந்த இனத்தில் 500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, தென்னாப்பிரிக்காவில் மட்டும் 200-க்கு மேல். எந்த வகை என்று நாளைக்குப் பார்க்கிறேன்.

7 டிசம்பர்

'இதழ்' என்று எழுதியிருந்தீர்கள். இங்கேதான் எல்லோருக்கும் குழப்பம் தொடங்குகிறது, அதனால் இதை முடித்துவிட்டு வகைக்குப் போகலாம்.

ஊரில் வரப்போரம் மூக்குத்திப்பூண்டு பார்த்திருப்பீர்கள், சிராய்த்த முழங்காலில் கசக்கி வைப்போமே, அதுதான். அதில் ஒரு பூ என்று நாம் பறிப்பது உண்மையில் பல சிறுபூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்த ஒரு தலை. தலைமஞ்சரி என்று பள்ளியில் படித்தோம். நடுவிலே இருக்கும் மஞ்சள் எல்லாம் தனித்தனிப் பூ. ஓரத்தில் இதழ்போல நீட்டிக்கொண்டிருப்பதும் ஒவ்வொன்றும் ஒரு பூ. சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி எல்லாவற்றிலும் இதே ஏற்பாடு.

ஹெலிக்ரைசத்தில் ஓரத்து நாக்குப் பூக்கள் கிடையாது. வெள்ளையாக விரிந்து நிற்பது தலைக்கு அடியிலிருந்து வரும் செதில்கள். சாமந்தியைக் கவிழ்த்துப் பார்த்தால் பச்சையாகச் சின்ன ஓடுகள் அடுக்கியிருக்குமே, அதே உறுப்பு இங்கே நீண்டு, வெளுத்து, காய்ந்து, இதழின் வேலையைச் செய்கிறது. அதனால்தான் வாடுவதே இல்லை. பூத்த அன்றே அது காய்ந்த பொருள்.

8 டிசம்பர்

வெள்ளைப் பூ ஹெலிக்ரைசம் மில்ஃபோர்டியே என்று நினைக்கிறேன். வெள்ளி நிற இலைக் கொத்துகள் ஒன்றோடொன்று நெருங்கி மெத்தையாவது, குட்டைக் காம்பில் ஒற்றைத் தலை, பாறை, உயரம் எல்லாம் பொருந்துகிறது. சானி இருக்கும் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் உச்சியிலும் லெசோத்தோவிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது.

சிவப்பு மொட்டு வேறு செடி. ஹெலிக்ரைசம் அடினோகார்ப்பம் என்று ஒன்று அதே மலையில் உண்டு, செதில் இளஞ்சிவப்பிலிருந்து நல்ல சிவப்புவரை இருக்கும். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

9 டிசம்பர்

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணா, இரண்டு படத்திலும் இடது மூலையில் அதே ஆரஞ்சு நிறப் பாறைப்பாசி, அதே வடிவம். ஒரே மெத்தைதான்" என்கிறார். படங்களைப் பெரிதாக்கி அரை மணி நேரம் பார்த்தேன். அவர் சொல்வது சரி. பாசித் திட்டு ஆட்டுக்குட்டியின் தலைபோல ஒரு பக்கம் காது நீட்டியிருக்கிறது, இரண்டு படத்திலும். நான் பூவை மட்டும் பார்த்தேன், அவர் பாறையையும் பார்த்திருக்கிறார்.

அடினோகார்ப்பம் புல்வெளிச் செடி என்பதையும் நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தண்டு நீளும், மெத்தையாகப் பாறையை மூடாது. நேற்று எழுதியதில் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். சிவப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன்.

இன்னொரு சந்தேகமும் கூடவே வந்துவிட்டது. ஹெலிக்ரைசம் மார்ஜினேட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் அதே மலையில், அதே மெத்தை, அதே வெள்ளைத் தலை. வேறுபாடு இலையில். மில்ஃபோர்டியேயின் இலை இரு பக்கமும் முழுக்க வெள்ளிப்பட்டு. மார்ஜினேட்டத்தின் இலை பச்சையாகத் தெரியும், ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பஞ்சு, வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி. ஐரோப்பாவில் பாறைத்தோட்டம் வைப்பவர்களே மில்ஃபோர்டியேயை மார்ஜினேட்டம் என்ற பெயரில் வளர்த்திருக்கிறார்கள். உங்கள் படங்களில் இலை மங்கலாக விழுந்திருக்கிறது. கிட்டப் பிடித்த படம் ஏதாவது இருக்கிறதா?

9 டிசம்பர், மாலை

இல்லையாம். எல்லாப் படமும் மேலே நின்று பூவை நோக்கி எடுத்தது. இனி மலைக்குப் போகும் எல்லோருக்கும் சொல்கிறேன்: பூவுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, தலையின் அடிப்பக்கத்துக்கு ஒன்று, செடி நிற்கும் இடத்துக்கு ஒன்று. அடிப்பக்கம் மிக முக்கியம். சூரியகாந்திக் குடும்பத்தில் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

11 டிசம்பர்

சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்த இடம் என் சமையலறை.

ஊட்டியில் காய்ந்த பூவைக் கட்டுக்கட்டாக விற்பார்களே, மஞ்சளும் செம்பழுப்புமாக. அம்மா போன முறை வந்தபோது ஒரு கட்டு கொண்டுவந்தார், சாமி மாடத்தில் இருக்கிறது. அது ஆஸ்திரேலியச் செடி. முன்பு ஹெலிக்ரைசத்தில்தான் சேர்த்திருந்தார்கள், இப்போது ஸீரோக்ரைசம் என்று பிரித்துவிட்டார்கள். ஒரு பூவை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு இட்லிக்கு ஊற்றப் போனேன். இட்லி வெந்து இறக்குவதற்குள் பூ மூடிக்கொண்டது. செதில் ஒவ்வொன்றும் உள்நோக்கி வளைந்து, உச்சியில் கூம்பாகக் கூடி, பார்த்தால் நேற்று விட்ட மொட்டு. எடுத்து அடுப்பின் பக்கத்தில் வைத்தேன், காய்ந்ததும் பழையபடி விரிந்தது. மூன்று முறை செய்தேன். என் மகள் நாலாவது முறை செய்தாள்.

அந்தப் பூ பறித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உயிர் இல்லாத பொருள்தான் வளைகிறது. செதிலின் அடியில் ஒரு பக்கத்துத் திசு ஈரம் பட்டால் அதிகம் உப்பும், மறு பக்கம் அவ்வளவு உப்பாது, அதனால் மொத்தச் செதிலும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பைன் காய் ஈரத்தில் மூடி வெயிலில் விரிவதும் இதே வழியில்தான்.

இப்போது மில்ஃபோர்டியேக்கு வாருங்கள். அதன் செதில் உள்பக்கம் தூய வெள்ளை. வெளிவரிசைச் செதில்களின் முதுகில் கருஞ்சிவப்பு. மூடுபனியில் மூடியிருந்தால் முதுகுதான் தெரியும், சிவப்பு. வெயிலில் விரிந்தால் உள்பக்கம், வெள்ளை. தம்பி காலையில் பார்த்ததும் மதியம் பார்த்ததும் ஒரே பூ.

மழை பெய்யும் நேரத்தில் மகரந்தம் நனையாமல் இருக்க இது உதவுகிறது. அங்கே கோடையில் மதியத்துக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும்.

13 டிசம்பர்

டர்பனிலிருந்து ஒரு அக்கா கேட்கிறார்: வார்விக் சந்தையில் ஜூலு மூலிகைக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் இம்பெஃபோவும் இதுவும் ஒன்றா?

சொந்தக்காரர்கள். இம்பெஃபோ என்பது பெரும்பாலும் ஹெலிக்ரைசம் ஓடராட்டிஸிமம், சாம்பல் இலை, சின்னச் சின்ன மஞ்சள் தலைகள் கொத்தாக. இது மலை உச்சிச் செடி மட்டும் இல்லை, தாழ்வான புல்வெளிகளிலும் வளரும். காய்ந்த இலையைக் கொளுத்தி முன்னோரை அழைப்பார்கள்.

நான் வேலை செய்யும் பள்ளியில் ஒரு ஜூலு அம்மா இருக்கிறார். அவர் வீட்டில் தகப்பனாருக்குச் சடங்கு என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார். வீட்டின் பின்பக்கம், முன்னோருக்கென்று ஒதுக்கிய மூலையில் உடைந்த சட்டி ஓட்டில் கங்கு வைத்து இம்பெஃபோவைப் போட்டார். புகை எழுந்தது. அந்த அம்மா குனிந்து, தன் தகப்பன் பெயரையும் அவருடைய தகப்பன் பெயரையும் வரிசையாகச் சொன்னார். பெரியகுளத்தில் எங்கள் பாட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் சாம்பிராணித் தட்டோடு தாத்தா படத்துக்கு முன்னால் நிற்பது என் கண்முன் வந்துவிட்டது. வாசனை வேறு, இம்பெஃபோவில் கொஞ்சம் கசப்பும் வைக்கோலும் கலந்த மணம். ஆனால் நிற்கும் நிலை ஒன்றுதான்.

தலைப்பை விட்டு விலகிவிட்டேன். 16-ஆம் தேதி பொது விடுமுறை, சானிக்கு நானே போகப் போகிறேன்.

17 டிசம்பர்

போய்வந்தேன். உடம்பு வலி, ஆனால் இன்றைக்கே எழுதினால்தான் சரியாக வரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து காலை நாலு மணிக்குக் கிளம்பி, அண்டர்பர்க், ஹிம்வில் வழியாகப் போய், அடிவாரத்தில் வண்டி மாறினோம். சானி ஏற்றத்துக்கு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும். ஜூலு மக்கள் இந்த மலைத்தொடரை உகஹ்லம்பா என்பார்கள், ஈட்டிகளின் தடுப்பு. கீழேயிருந்து பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். அடிவாரத்தில் வெளிர் மணற்கல், அதற்கு மேலே செங்குத்தாகக் கறுப்புப் பசால்ட், ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. உச்சியில் சாவடி சுமார் 2,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் தொட்டபெட்டாவைவிட 200 மீட்டருக்கு மேல் உயரம்.

எட்டரை மணிக்கு உச்சியில் வண்டியை விட்டு இறங்கினோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. தம்பி சொன்ன பக்கமாக நடந்தேன். முதலில் காலில் பட்டது பாறை, அடுத்து மெத்தை. குனிந்தால் அகலம் இரண்டு சாண் இருக்கும், நடுவில் மேடாக, கவிழ்த்து வைத்த தாம்பாளம்போல. அதில் பதினேழு தலை, பதினேழும் மூடியிருந்தது. குண்டுமல்லி மொட்டை விடக் கொஞ்சம் பெரிது. கருஞ்சிவப்புச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று, இடுக்கில் வெள்ளை ஒரு நூல் அளவு மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நீர்த்துளி.

லென்ஸை எடுத்துப் படுத்துக்கொண்டு இலையைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளம். மேலும் கீழும் பட்டு இழைபோல மயிர், எல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்ட மாதிரி படிந்திருந்தது. கரை இல்லை. ஓரத்தில் தனி வெள்ளை இல்லை. மெத்தையின் விளிம்பை விரலால் லேசாக விலக்கினால் உள்ளே போன வருஷத்து இலையும் அதற்கு முந்தியதும் பழுப்பாக அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நனைந்த பஞ்சுபோல ஈரம். மண் என்று சொல்ல ஒரு விரற்கடைகூட இல்லை. தன் பழைய இலைகளையே மண்ணாக வைத்துக்கொண்டு வாழ்கிறது. மேலே அடிக்கும் காற்றுக்கு எட்டாமல் தரையோடு படிந்திருக்கிறது, குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கிறது, கோடையில் அந்த உயரத்து வெயிலை வெள்ளி மயிர் திருப்பி அனுப்புகிறது.

ஒன்பதே முக்காலுக்குப் பனி கலையத் தொடங்கியது. நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. முதலில் துளிகள் காய்ந்தன. பத்து மணிவாக்கில் கிழக்குப் பக்கத்துத் தலைகளில் வெளிவரிசைச் செதில் ஒன்றிரண்டு தளர்ந்தன. பத்தே காலுக்கு மெத்தையின் ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி சிவப்பு. பாறையின் நிழல் விழுந்த கோடு எங்கே இருந்ததோ, சரியாக அங்கேதான் சிவப்பும் வெள்ளையும் பிரிந்தன. நிழல் பின்வாங்க வாங்க வெள்ளை முன்னேறியது. பதினொன்றுக்குள் பதினேழும் விரிந்துவிட்டன, நடுவில் மஞ்சள் தட்டு, அதில் கடுகளவு ஈக்கள். கையை மெத்தைமேல் வைத்தேன், கதகதப்பாக இருந்தது. பக்கத்துப் பாறையின் நிழல் பகுதி சில்லென்று இருந்தது.

பக்கத்துப் பொந்திலிருந்து, உறைபனி எலி என்று சொல்லும் மலை எலி ஒன்று வந்து வெயில் காய்ந்தது. கம்பளி போர்த்திய பசோத்தோ மேய்ப்பர் பையன் ஒருவன் நாய்களோடு நின்று, நான் ஏன் தரையில் படுத்திருக்கிறேன் என்று கேட்டான். லென்ஸைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

மார்ஜினேட்டத்தையும் தேடினேன், அன்றைக்குக் கண்ணில் படவில்லை. மெத்தைகள் மொத்தம் ஒன்பது பார்த்தேன், ஒன்பதும் பாறைமேல் அல்லது பாறை விளிம்பில். ஆழ மண்ணும் உயரப் புல்லும் உள்ள இடத்தில் ஒன்றுகூட இல்லை. கீழே மணற்கல் பகுதியில் இதைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

18 டிசம்பர்

இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக.

சானி ஏறும் வழியில் முள்ளும் ஊதாப் பூவுமாக இடுப்பளவு நிற்பது பெர்க்கேயா பர்ப்யூரியா. அதுவும் இந்தக் குடும்பம்தான், ஆனால் அதில் நாக்குப் பூக்கள் உண்டு.

மில்ஃபோர்டியே சென்னையில் மொட்டைமாடித் தொட்டியில் வளருமா? வளராது. வெயிலை விட ஈரப் புழுக்கம்தான் அதைக் கொல்லும். இங்கிலாந்தில் வளர்ப்பவர்கள்கூடச் சரளை நிரப்பி, குளிர்கால மழை படாமல் கண்ணாடிக் கூரை போட்டுக் காப்பாற்றுகிறார்கள். தோண்டி எடுக்கும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. இரண்டு சாண் அகலத்துக்கு அது எத்தனை கோடை கண்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

22 டிசம்பர்

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். எடல்வைஸ் ஆல்ப்ஸ் பூ என்று மட்டும் எழுதிவிட்டேன். உத்தராகண்டில் மலையேறிய ஒருவர், இமயத்தில் தானே பார்த்ததாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அந்த லியோன்டோபோடியம் இனத்தின் பெரும்பாலான வகைகள் ஆசியாவில்தான் இருக்கின்றன, ஐரோப்பாவில் இருப்பது கொஞ்சம். ஆப்பிரிக்காவில் இல்லை என்பதில் மாற்றமில்லை.

நம் நீலகிரியிலும் பழனிமலையிலும் புல்வெளியில் வெள்ளையாகக் காகிதப்பூ பூக்குமே, அது அனஃபாலிஸ். ஊட்டியில் விற்பது ஆஸ்திரேலியச் செடி, மலைமேல் தானாக நிற்பது இது. கொடைக்கானலில் சின்ன வயதில் எத்தனையோ முறை மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போனால் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுபோவேன்.

புத்தகம் கேட்டவர்களுக்கு: எல்சா பூலி 2003-இல் டிராக்கன்ஸ்பர்க், லெசோத்தோ மலைப்பூக்களுக்கென்றே எழுதிய கையேடு போதும், பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். ஆழமாகப் போக ஆசைப்பட்டால் ஆலிவ் ஹில்லியர்ட் 1977-இல், டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தின் சூரியகாந்திக் குடும்பத்துக்கு மட்டும் தனி நூல் எழுதியிருக்கிறார்.

4 ஜனவரி

தம்பி எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஒரு பூவைப் பறித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்திருந்தாராம், நான் 18-ஆம் தேதி எழுதியதைப் படித்த பிறகு சொல்லத் தயங்கினாராம். பறித்தது தப்புதான். பறித்தாகிவிட்டது. காம்பின் அடியில் இலை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள் என்றேன்.

5 ஜனவரி

இலை ஒட்டியிருக்கிறது, மூன்று. ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், இந்த முறை இரண்டு பக்கமும் தனித்தனியாக. மேலும் வெள்ளி, கீழும் வெள்ளி, கரை இல்லை. ஹெலிக்ரைசம் மில்ஃபோர்டியே.

கூடவே இன்னொரு படம், எவர்சில்வர் டம்ளர். காலை எட்டு மணிக்குப் பூவைத் தண்ணீரில் போட்டாராம். படம் எட்டரைக்கு எடுத்தது. தண்ணீரில் ஒரு சிவப்பு மொட்டு மிதக்கிறது.